1812 போர்: அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டாம் முறை மோதிய கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கா பிரிட்டனோடு போரிட்டது என்றதும் போஸ்டன் தேயிலையும் ஜார்ஜ் வாஷிங்டனும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அந்தப் போர் 1783இல் முடிந்தது. அதற்கு 29 ஆண்டுகள் கழித்து இரு நாடுகளும் மறுபடியும் இரண்டரை ஆண்டுகள் அடித்துக்கொண்டன. இது பள்ளிப் புத்தகத்தில் வராத போர். அதனால் கேட்பவர்களுக்குச் சந்தேகங்கள் நிறைய. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

இது சுதந்திரப் போரின் தொடர்ச்சியா?

இல்லை, இது தனிப் போர். 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி காங்கிரஸ் முறையாக அறிவித்த முதல் போர் இதுதான். ‘இரண்டாவது சுதந்திரப் போர்’ என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. 1812இல் அமெரிக்காவை மறுபடி அடிமைப்படுத்தும் எண்ணம் பிரிட்டனுக்கு இருக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. நெப்போலியனோடு மல்லுக்கட்டவே அதற்குச் சரியாக இருந்தது.

அப்புறம் எதற்காகச் சண்டை?

மூன்று காரணங்கள். ஒன்று ஆள்பிடிப்பு, இரண்டு வணிகம், மூன்று நிலம்.

முதலில் ஆள்பிடிப்பு. பிரிட்டிஷ் கடற்படையில் 500க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள். அத்தனைக்கும் மாலுமிகள் வேண்டும். அங்கே சம்பளம் குறைவு, சவுக்கடி அதிகம், சாப்பாடு மோசம். மாலுமிகள் ஓடிப்போய் அமெரிக்க வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, “எங்கள் ஆள் இருக்கிறானா?” என்று வரிசையாக நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தன. ஆங்கிலம் பேசும் இருவரில் யார் லிவர்பூல்காரன், யார் பாஸ்டன்காரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் கண்டுபிடிக்க முயலவும் இல்லை. திடமாக இருந்தவனை இழுத்துக்கொண்டு போனார்கள். இப்படிப் போன அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில்.

1807 ஜூன் 22 அன்று இது எல்லை மீறியது. வர்ஜீனியா கரையை விட்டுச் சற்று முன்புதான் கிளம்பியிருந்த ‘செசபீக்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை பிரிட்டனின் ‘லெப்பர்ட்’ மறித்தது. அது வணிகக் கப்பல் அல்ல, அரசாங்கத்தின் போர்க்கப்பல் என்பதைக் கவனியுங்கள். தலைவர் பாரன் சோதனைக்கு மறுத்ததும் குண்டுமாரி. செசபீக்கின் மேல்தளம் முழுக்க மூட்டை முடிச்சுகள். பீரங்கிகள் எதுவும் சுடத் தயாராக இல்லை. கடைசியில் ஓர் அதிகாரி சமையலறை அடுப்பிலிருந்து எரியும் கரித்துண்டை எடுத்து வந்து ஒரே ஒரு பீரங்கியைச் சுட்டார். மானத்துக்காக ஒரு குண்டு. அதோடு கொடி இறங்கியது. 3 பேர் அங்கேயே செத்தார்கள், 18 பேருக்குக் காயம். நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் மூவர் அமெரிக்கர்கள். நான்காமவர் லண்டன்காரர். அவரை ஹாலிஃபாக்ஸில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்கா கொதித்துப்போனது.

அடுத்தது வணிகம். நெப்போலியன் பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக்கூடாது என்றார். பதிலுக்கு பிரிட்டன், ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் முதலில் எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆணைகள் போட்டது. இரு பக்கமும் அமெரிக்கக் கப்பல்களைப் பறிமுதல் செய்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நிலம் பற்றி, பூர்வகுடித் தலைவர் டெகும்சேயின் கதையில் சொல்கிறேன். அதுதான் இந்தப் போரின் உயிர்நாடி என்பது என் கருத்து.

போருக்கு முன் வேறு வழியே பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் 1807 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்: அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகக்கூடாது. நம் சரக்கு கிடைக்காவிட்டால் பிரிட்டனும் பிரான்சும் வழிக்கு வந்துவிடும் என்பது கணக்கு. அவர்கள் வரவில்லை. நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களின் துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா நின்றன, மாலுமிகள் பட்டினி கிடந்தார்கள், கனடா எல்லையில் கடத்தல் அமோகமாக நடந்தது. பதினைந்தே மாதத்தில் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

காரணம் நீங்கிய பிறகுதான் போர் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வணிகத்தைக் கட்டுப்படுத்திய அந்த ஆணைகளால் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகளுக்கும் நஷ்டம். அவற்றைப் பிடிவாதமாகக் காத்துவந்த பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் 1812 மே 11 அன்று நாடாளுமன்ற முகப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவருக்கு இருந்தது வேறு சொந்தப் பகை. புது அரசாங்கம் ஜூன் 23 அன்று ஆணைகளை ரத்து செய்தது. அமெரிக்கா போர் அறிவித்து அப்போது ஐந்து நாள் ஆகியிருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி வர வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. யாருக்கும் எதுவும் தெரியாது. செய்தி வந்த பிறகும், “ஆள்பிடிப்பை நிறுத்துங்கள், பார்க்கலாம்” என்று அமெரிக்கா சொல்ல, பிரிட்டன் மறுத்துவிட்டது. அதனால்தான் பாதி உண்மை என்றேன்.

அமெரிக்கர்கள் எல்லோரும் போரை ஆதரித்தார்களா?

இல்லவே இல்லை. பிரதிநிதிகள் சபையில் 79க்கு 49, செனட்டில் 19க்கு 13. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. கென்டக்கியின் ஹென்றி கிளே, தென் கரோலைனாவின் கால்ஹூன் போன்ற இளம் உறுப்பினர்கள்தான் போர் வேண்டும் என்று நின்றார்கள். ‘போர்ப் பருந்துகள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கடலில் அடிபட்டவர்கள் நியூ இங்கிலாந்துக் கப்பல்காரர்கள். அவர்கள் போர் வேண்டாம் என்றார்கள். கடலையே பார்க்காத மேற்கு எல்லைக்காரர்கள் கடல் உரிமைக்காகப் போர் வேண்டும் என்றார்கள். மேற்கே இருந்தவர்கள் கண் வைத்தது எதன் மேல் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பிரிட்டனோடு சண்டை என்றால் கனடாவுக்கு ஏன் படை போனது?

பிரிட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அங்கேதான். அமெரிக்காவில் 70 லட்சத்துக்கும் மேல் மக்கள், கனடாவில் சுமார் 5 லட்சம். அதிலும் மேல் கனடா, அதாவது இன்றைய ஒன்டாரியோவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறியவர்கள். கியூபெக் வரை பிடிப்பது வெறுமனே நடந்துபோகிற வேலைதான் என்று ஜெஃபர்சன் எழுதினார்.

நடந்துபோனார்கள். முதலில் போனவர் தளபதி வில்லியம் ஹல், வயதானவர், இளமையில் சுதந்திரப் போரில் நன்றாகச் சண்டை போட்டவர். எல்லை தாண்டிப் போய், பயந்து, டெட்ராய்ட் கோட்டைக்கே திரும்பிவிட்டார். எதிரே பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக். அவரிடம் ஆள் குறைவு. உள்ளூர்க்காரர்களைத் திரட்டிய குடிப்படையினருக்குப் பழைய சிவப்புச் சட்டைகளை மாட்டிவிட்டுப் பட்டாளம் போலக் காட்டினார். சண்டை மூண்டால் தன்னோடு இருக்கும் பூர்வகுடி வீரர்கள் தன் கட்டுப்பாட்டில் இருக்க மாட்டார்கள் என்று ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார். கோட்டைக்குள் ஹல்லின் மகளும் பேரக்குழந்தைகளும் இருந்தார்கள். 1812 ஆகஸ்ட் 16 அன்று ஹல் வெள்ளைக்கொடி காட்டினார். சுமார் 2,500 பேர் சரண். பிறகு ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது, குடியரசுத் தலைவர் மேடிசன் பழைய சேவையை நினைத்து உயிரை விட்டுவைத்தார்.

அக்டோபரில் குயின்ஸ்டன் மேட்டில் இன்னொரு கூத்து. முதலில் ஆற்றைக் கடந்தவர்கள் அக்கரையில் செத்துக்கொண்டிருக்க, நியூயார்க் குடிப்படையினர் இக்கரையில் நின்று, “எங்கள் மாநிலத்தைத் தாண்டிச் சண்டை போட எங்களுக்குக் கடமையில்லை” என்று சட்டம் பேசினார்கள். அந்தச் சண்டையில் அமெரிக்கா தோற்றது. ஆனால் பிராக்கும் குண்டு பட்டு இறந்தார்.

கடலிலாவது வென்றார்களா?

கடலில்தான் வென்றார்கள். யாரும் எதிர்பார்க்காத விஷயம் அது. அமெரிக்கக் கடற்படையில் கணக்காகச் சொன்னால் இருபது கப்பல்கூட இல்லை. ஆனால் அதன் பெரிய ஃப்ரிகேட்டுகள் (வேகமாகப் போகும் நடுத்தரப் போர்க்கப்பல்கள்) பிரிட்டிஷ் ஃப்ரிகேட்டுகளை விடக் கனமானவை. ‘கான்ஸ்டிட்யூஷன்’ கப்பலின் பக்கப்பலகை ஓக் மரத்தாலானது, ‘கெரியர்’ கப்பலோடு சண்டையிடும்போது குண்டு பட்டுத் தெறித்து விழுவதைப் பார்த்து மாலுமி ஒருவர் “இரும்புடா இது!” என்று கத்தினாராம். ‘பழைய இரும்புக்காரி’ என்ற செல்லப்பெயர் அப்படி வந்தது. பாஸ்டன் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அதே கப்பல் ‘ஜாவா’வை முடித்தது. ஜாவா எங்கே போய்க்கொண்டிருந்தது தெரியுமா? பம்பாய்க்கு. பம்பாயில் உயர் பதவி ஏற்க லெப்டினன்ட் ஜெனரல் தாமஸ் ஹிஸ்லப் அதில் பயணம் செய்தார். பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களுக்கான தாமிரத் தகடுகளும் அதில் இருந்தன. சண்டையில் கான்ஸ்டிட்யூஷனின் சுக்கான் சக்கரம் உடைந்துபோனது. அமெரிக்கத் தளபதி பெயின்பிரிட்ஜ், ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தன் கப்பலில் மாட்டிக்கொண்டு, ஜாவாவைக் கொளுத்திவிட்டார். ஹிஸ்லப் அந்தப் பதவிக்குப் போகவே இல்லை. பிறகு மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தார். 1817இல் மகித்பூரில் ஹோல்கர் படையை வென்றது அவர்தான்.

இந்த வெற்றிகளெல்லாம் மானத்தைக் காத்தனவே தவிர, போரின் போக்கை மாற்றவில்லை. 1814க்குள் பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கரையை இறுக்கி மூடிவிட்டது. உள்நாட்டு ஏரிகளில் நடந்த சண்டைகள்தான் காரியத்துக்கு உதவின. 1813 செப்டம்பர் 10 அன்று ஈரி ஏரியில் ஆலிவர் பெரி ஒரு முழு பிரிட்டிஷ் படைப்பிரிவையே பிடித்தார். அதனால் டெட்ராய்ட் மறுபடி அமெரிக்காவுக்கு வந்தது.

டெகும்சே யார்? அவரைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

ஷானி இனத்தவர். வெள்ளையர் குடியேற்றம் ஓஹையோ ஆற்றைத் தாண்டி மேற்கே வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே உத்திதான்: ஏதாவது ஒரு குழுவின் தலைவர்கள் நாலைந்து பேரைப் பிடித்து, சாராயம் ஊற்றி, பணத்தைக் காட்டி, நிலத்தை எழுதி வாங்குவது. 1809இல் இண்டியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் இப்படிச் சுமார் 30 லட்சம் ஏக்கர் வாங்கினார். அடுத்த ஆண்டு டெகும்சே நேரில் போய் வாதாடினார். நிலம் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொது, ஒரு குழு தனியாக விற்க அதற்கு உரிமை கிடையாது என்றார். நம் ஊர் நிலத்தகராறு பார்த்தவர்களுக்கு இந்த வாதம் உடனே புரியும். கூட்டுப் பட்டாவில் இருக்கிற நிலத்தை ஒரு பங்காளி மட்டும் விற்றால் செல்லுமா?

அவர் அதோடு நிற்கவில்லை. பெரிய ஏரிகள் முதல் தெற்கே கிரீக் இனத்தவர் பகுதி வரை அலைந்து, எல்லா இனங்களையும் ஒரே கூட்டணியாக்கப் பார்த்தார். அவர் தெற்கே போயிருந்த சமயம் பார்த்து, 1811 நவம்பரில் ஹாரிசன் டிப்பெகானோ ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய ஊர்மேல் படையெடுத்து வந்தார். ஊரில் இருந்த டெகும்சேயின் தம்பி, தீர்க்கதரிசி என்று பெயரெடுத்தவர், அவசரப்பட்டுச் சண்டையைத் தொடங்கினார். ஊர் எரிந்தது. அதன்பிறகு டெகும்சேக்கு பிரிட்டனை விட்டால் வேறு துணை இல்லை.

டெட்ராய்ட் விழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு. பிராக் செத்த பிறகு வந்த பிராக்டர் என்ற தளபதி சரியான பின்வாங்கி. ஈரி ஏரி கைவிட்டுப்போனதும் அவர் ஓட ஆயத்தமானார். டெகும்சே அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: வாலை முதுகின்மேல் தூக்கிக்கொண்டு நடக்கும் கொழுத்த விலங்கு, பயந்ததும் அதைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடுவதைப் போல இருக்கிறது உங்கள் நடத்தை. 1813 அக்டோபர் 5 அன்று தேம்ஸ் ஆற்றங்கரையில் (லண்டன் தேம்ஸ் அல்ல, கனடாவில் ஒன்று) ஹாரிசனின் படை வந்து மோதியது. பிரிட்டிஷ்காரர்கள் சில நிமிடங்களில் கலைந்தார்கள். டெகும்சேயும் அவர் ஆட்களும் நின்று சண்டையிட்டார்கள். அவர் அங்கேயே இறந்தார். அவரோடு கூட்டணியும் முடிந்தது. டெகும்சேயைச் சுட்டது நான்தான் என்ற புகழில் ரிச்சர்ட் ஜான்சன் என்பவர் பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவராகவே ஆனார்.

வாஷிங்டனை பிரிட்டன் எரித்தது எப்படி?

1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை யார்க் நகரில், அதாவது இன்றைய டொரொன்டோவில், சட்டமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் உறைபனியில் நயாகரா ஓரத்து நியூவார்க் ஊரையும் எரித்தது. பதிலுக்கு பஃபலோ எரிந்தது. 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததும் பிரிட்டனுக்குக் கை காலியானது, அனுபவப்பட்ட பட்டாளம் கப்பலேறி வந்தது.

ஆகஸ்ட் 24 அன்று தலைநகருக்கு வெளியே பிளாடன்ஸ்பர்க்கில் அமெரிக்கக் குடிப்படை சிதறி ஓடியது. ஓடிய வேகத்தைப் பார்த்து ‘பிளாடன்ஸ்பர்க் ஓட்டப்பந்தயம்’ என்று பிறகு கேலி செய்தார்கள். குடியரசுத் தலைவர் மேடிசன் களத்தில் இருந்தார். அவரும் தப்பிப் போனார்.

மாளிகையில் அவர் மனைவி டாலி. அங்கே ஆளுயர ஜார்ஜ் வாஷிங்டன் ஓவியம். அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். சட்டகம் சுவரில் திருகியிருந்தது, எடுக்க வரவில்லை, உடைத்துத் துணியை மட்டும் எடுத்தார்கள். டாலி தாமே சுருட்டிக்கொண்டு ஓடினார் என்று கதை பரவிவிட்டது. அன்று அங்கே இருந்த பால் ஜென்னிங்ஸ் என்ற அடிமைப் பையன், அப்போது 15 வயது, பிற்காலத்தில் அதை மறுத்து எழுதினார். இறக்கியவர்கள் மாளிகை மேலாளரும் தோட்டக்காரரும்தான், அம்மையார் தம் கைப்பையில் கொள்ளும் வெள்ளிச் சாமான்களை மட்டுமே எடுத்துப் போனார் என்றார் அவர். அன்று சாப்பாட்டு மேசை போட்டதும் ஜென்னிங்ஸ்தான். பிரிட்டிஷ் அதிகாரிகள் வந்து, பரிமாறி வைத்திருந்த சாப்பாட்டை உண்டு, ஒயினைக் குடித்து, பிறகு தீ வைத்தார்கள். ஜென்னிங்ஸ் 1847இல்தான் விடுதலை பெற்றார். அதன்பின் டாலி மேடிசன் வறுமையில் இருந்தபோது, அவ்வப்போது தம் பையிலிருந்து சில்லறை கொடுத்துவிட்டு வருவாராம். இந்தப் போரைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் பாதித்தது இந்த ஒரு தகவல்தான்.

நாடாளுமன்றக் கட்டடமும் அதற்குள்ளிருந்த சுமார் 3,000 நூல்களும் எரிந்தன. அதை ஈடுகட்ட ஜெஃபர்சன் தம் சொந்த நூலகத்தையே, 6,487 நூல்களை, 23,950 டாலருக்கு அரசாங்கத்துக்கு விற்றார். இன்றைய காங்கிரஸ் நூலகத்தின் அடித்தளம் அது. பிரிட்டிஷ் அட்மிரல் காக்பர்ன், தம்மைத் திட்டி எழுதிய பத்திரிகையின் அச்சகத்துக்குப் போய், “ஆங்கில ‘சி’ எழுத்து அச்சுகளையெல்லாம் அழித்துவிடுங்கள், இனி என் பெயரை எப்படி அச்சடிக்கிறான் பார்க்கலாம்” என்றார் என்பார்கள். மறுநாள் பெரும் சூறாவளி. அன்றிரவே படை கிளம்பிவிட்டது.

தீக்கறையை மறைக்க வெள்ளையடித்ததால்தான் ‘வெள்ளை மாளிகை’ என்ற பெயரா?

இல்லை. 1798இலேயே அதற்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அந்தப் பெயரும் போருக்கு முன்பே பேச்சுவழக்கில் இருந்தது.

அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட்டுகளுக்கும் திப்பு சுல்தானுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. மைசூர்ப் படையினர் இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்த ராக்கெட்டுகளை ஹைதர் அலி காலத்திலிருந்தே பயன்படுத்தினார்கள். 1780இல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கம்பெனிப் படை அதை வாங்கிக் கட்டிக்கொண்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார்.

1814 செப்டம்பர் 13, 14 தேதிகளில் பால்டிமோர் துறைமுகத்து மெக்கென்றி கோட்டையை பிரிட்டிஷ் கப்பல்கள் 25 மணி நேரம் தாக்கியபோது வானத்தில் சீறியது காங்கிரீவ் ராக்கெட்தான். கைதான ஒரு மருத்துவரை விடுவிக்கப் பேசப் போன வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ, எல்லாம் முடியும்வரை கப்பலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. காலையில் கோட்டையில் கொடி பறப்பதைப் பார்த்துக் கவிதை எழுதினார். மெட்டு என்னவோ லண்டனில் ஒரு இசைக் கழகத்தார் பாடிவந்த பாட்டினுடையது! 1931இல் அது தேசிய கீதம் ஆனது.

அந்தக் கொடி 30 அடிக்கு 42 அடி. ஒவ்வொரு பட்டையும் இரண்டடி அகலம். 15 நட்சத்திரம், 15 பட்டை. தைத்தவர் மேரி பிக்கர்ஸ்கில் என்ற கைம்பெண், கூடவே அவர் வீட்டுப் பெண்களும் கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும். வீட்டில் விரிக்க இடமில்லாமல், பக்கத்து பீர் ஆலையின் தரையில் விரித்துத் தைத்தார்கள்.

அடிமைகளாக இருந்தவர்கள் எந்தப் பக்கம்?

சிலர் அமெரிக்கப் பக்கம் சண்டையிட்டார்கள். ஆனால் விடுதலை என்று எழுத்தில் கொடுத்தது பிரிட்டன். 1814 ஏப்ரலில் அட்மிரல் காக்ரேன், எங்களிடம் வருகிறவர்கள் படையில் சேரலாம், அல்லது பிரிட்டிஷ் காலனிகளில் சுதந்திரமாகக் குடியேறலாம் என்று அறிவித்தார். சுமார் 4,000 பேர் இரவோடிரவாகப் படகேறிப் போனார்கள். ஒரு பகுதியினர் சிவப்புச் சட்டை போட்டு, தங்களை விற்று வாங்கிய முதலாளிகளுக்கு எதிராகவே துப்பாக்கி பிடித்தார்கள். போருக்குப் பின் பலர் நோவா ஸ்கோஷியாவில் குடியேறினார்கள். படைவீரர்களாக இருந்தவர்களுக்கு டிரினிடாடில் நிலம் கிடைத்தது. அங்கே அவர்களுக்கு ‘மெரிகின்’ என்று பெயர், ஊர்களுக்கு இன்றும் ‘ஐந்தாம் கம்பெனி’ என்பது போன்ற படைப்பிரிவுப் பெயர்கள்தான்.

அமெரிக்கா சும்மா விடவில்லை. “எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடு” என்று வழக்காடியது. ரஷ்யச் சக்கரவர்த்தி பஞ்சாயத்து செய்து, 1826இல் பிரிட்டன் 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துக் கணக்கை முடித்தது. பணம் போனது முதலாளிகளுக்கு. பிரிட்டனைப் புகழவும் அவசரப்பட வேண்டாம். அப்போது அதன் கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் முழுக்க அடிமைகள்தான்.

போர் எப்படி முடிந்தது?

இரு பக்கமும் சலித்துப்போய்தான். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1814 ஆகஸ்டிலிருந்து பேசினார்கள். அமெரிக்கத் தூதுக்குழுவில் ஜான் குவின்சி ஆடம்ஸும் ஹென்றி கிளேயும் இருந்தார்கள். ஆடம்ஸ் விடியற்காலையில் எழும்போதுதான் கிளேயின் அறையில் சீட்டாட்டம் முடிந்து ஆட்கள் கலைவார்களாம், ஆடம்ஸ் முணுமுணுத்துக்கொண்டே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பூர்வகுடிகளுக்கென இடையில் ஒரு தனிப் பகுதி வேண்டும் என்று பிரிட்டன் முதலில் கேட்டது. அமெரிக்கா மறுத்ததும் கைவிட்டது. சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் உள்ள பிளாட்ஸ்பர்க்கில் பிரிட்டிஷ் படை தோற்ற செய்தி வந்தது. ஏரிகள் நம் கையில் இல்லாதபோது நிலம் கேட்க நமக்கு உரிமை இல்லை என்று பிரிட்டனின் பெரிய தளபதி வெலிங்டனே சொல்லிவிட்டார். டிசம்பர் 24 அன்று கையெழுத்து. போருக்கு முன் எல்லை எப்படி இருந்ததோ அப்படியே. ஆள்பிடிப்பு பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை! நெப்போலியன் போர் ஓய்ந்ததால் அந்த வழக்கம் தானாகவே நின்றுபோயிருந்தது.

நியூ ஆர்லியன்ஸ் சண்டை ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்ததாமே?

ஆமாம், 1815 ஜனவரி 8. கெண்ட் செய்தி அப்போது கடலில் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தை இரு அரசுகளும் ஏற்ற பிறகே போர் நிற்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அமெரிக்க செனட் பிப்ரவரி 16 அன்றுதான் ஏற்றது. ஆகவே போர் முடிந்த பின் நடந்த சண்டை என்பது சரியல்ல.

ஆண்ட்ரூ ஜாக்சனின் படை ஒரு விசித்திரக் கலவை: டென்னசி, கென்டக்கி குடிப்படை, சுதந்திரக் கறுப்பினத்தவர், சோக்டா பூர்வகுடி வீரர்கள், ஜான் லஃபீட்டின் கடற்கொள்ளையர். வாய்க்காலுக்குப் பின்னே மண்மேடு கட்டி அதன் மறைவில் நின்றார்கள். பிரிட்டிஷ் படை திறந்த வயலில் அணிவகுத்து வந்தது. ஏணிகளையும் வாய்க்காலை நிரப்பும் கட்டுகளையும் கொண்டுவர வேண்டிய பிரிவு அவற்றை எடுக்காமலே வந்து நின்றது. சுமார் 2,000 பேரை பிரிட்டன் இழந்தது, செத்தவர்களும் காயம்பட்டவர்களும் பிடிபட்டவர்களுமாக. தளபதி பாக்கன்ஹாம், வெலிங்டனின் மைத்துனர், அவரும் செத்தார். அந்த முனையில் ஜாக்சன் பக்கம் இறந்தவர்கள் 13.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

அமெரிக்கரைக் கேட்டால் நாங்கள் என்பார். கனடியரைக் கேட்டால், எங்கள்மேல் படையெடுத்து வந்தவர்களை விரட்டிவிட்டோம், அப்புறம் யார் ஜெயித்தது என்று திருப்பிக் கேட்பார். பிரிட்டனில் கேட்டால் பெரும்பாலும், “எந்தப் போர்?” என்பார்கள்.

தோற்றது யார் என்று கேளுங்கள், அதற்குப் பதில் தெளிவு. வடக்கே டெகும்சேயின் கூட்டணி போனது. தெற்கே கிரீக் இனத்தவருக்குள்ளேயே மூண்ட சண்டையில் ஜாக்சன் புகுந்து, 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ வளைவில் ஒரு பிரிவை ஒழித்தார். ஆகஸ்டில் போட்ட ஒப்பந்தத்தில் 2.3 கோடி ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கினார். அதில் பெரும் பகுதி, அவர் பக்கம் நின்று சண்டையிட்ட கிரீக் மக்களின் நிலம்! கெண்ட் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, 1811இல் பூர்வகுடிகளுக்கு இருந்த நிலமும் உரிமையும் திரும்பக் கிடைக்கும் என்றது. காகிதத்தோடு சரி. பிரிட்டனும் வற்புறுத்தவில்லை. வாங்கிய நிலம் பருத்தித் தோட்டங்களாக மாறியது, பருத்திக்காக அடிமைகள் ஆயிரமாயிரமாகத் தெற்கே விற்கப்பட்டார்கள். அதே ஜாக்சன் குடியரசுத் தலைவராகி, 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அமெரிக்க அரசியலில் என்ன மாறியது?

ஃபெடரலிஸ்ட் கட்சி அழிந்தது. போரை வெறுத்த நியூ இங்கிலாந்துத் தலைவர்கள் 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடி, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று கோரிக்கைகள் தயாரித்தார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு அவர்களுடைய தூதர்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்த நேரம், நியூ ஆர்லியன்ஸ் வெற்றியும் சமாதானச் செய்தியும் வந்து ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. பேசாமல் திரும்பிப் போனார்கள். 1816க்குப் பிறகு அந்தக் கட்சி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கவே இல்லை.

அரசின் கடன் 4.5 கோடி டாலரிலிருந்து சுமார் 12.7 கோடியாக ஏறியது. 1816இல் இரண்டாம் மத்திய வங்கியும், உள்நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதி வரியும் வந்தன. ஜாக்சன், ஹாரிசன் இருவரும் இந்தப் போரின் புகழில் குடியரசுத் தலைவர் ஆனார்கள்.

கனடாவில்?

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஒரே எதிரியை எதிர்த்த அனுபவம் கிடைத்தது. பிராக்கும், எதிரியின் திட்டத்தைச் சொல்ல 30 கிலோமீட்டருக்கு மேல் காட்டில் நடந்த லாரா சீகார்டும் அங்கே வீர நாயகர்கள். 1817இல் ஏரிகளில் போர்க்கப்பல்களைக் குறைக்க ஒப்பந்தம், 1818இல் 49ஆம் அட்சக்கோட்டை எல்லையாக்கும் ஒப்பந்தம் ஆகியவை நடந்தன.

இந்தப் போருக்கும் தமிழர்களுக்கும் ஏதாவது தொடர்பு?

யாழ்ப்பாணம்தான். 1812 ஜூனில், போர் அறிவித்த அதே மாதம், அமெரிக்க மிஷனரிகளின் முதல் குழு கல்கத்தாவில் இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளையே பிடிக்காது, அதிலும் அமெரிக்கர்கள். வெளியேறச் சொன்னது. சாமுவேல் நியூவெல் மனைவியோடு மொரிஷியஸ் போனார். பிறந்த குழந்தை இறந்தது, சில வாரங்களில் 19 வயது மனைவி ஹாரியட்டும் இறந்தார். 1813இல் தனியாளாக இலங்கை போய்ச் சேர்ந்தார். இலங்கை கம்பெனியின் கையில் இல்லை, நேரடியாக அரசரின் காலனி. ஆளுநர் பிரவுன்ரிக் தடை சொல்லவில்லை. யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று நியூவெல் ஊருக்கு எழுதினார்.

போர் ஓய்ந்த பிறகு 1815 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கிளம்பியது. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் மிஷன் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர்.

கடைசிக் குண்டு எங்கே வெடித்தது?

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே சுந்தா நீரிணையில், 1815 ஜூன் 30 அன்று. அமெரிக்காவின் ‘பீகாக்’ கப்பல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘நாட்டிலஸ்’ என்ற சிறு கப்பலை மறித்தது. சமாதானம் ஆகி மாதக்கணக்கில் ஆகிறதே என்று கம்பெனிக் கப்பல்காரர்கள் கத்திச் சொன்னார்கள். அப்படியானால் கொடியை இறக்கு, நம்புகிறேன் என்றார் அமெரிக்கத் தளபதி வாரிங்டன். லெப்டினன்ட் பாய்ஸ் மறுத்தார். வாரிங்டன் சுட்டார், நாட்டிலஸ் கொடி இறங்கியது. செத்தவர்களில் லஸ்கர் என்று அழைக்கப்பட்ட கீழைநாட்டு மாலுமிகளும் இருந்தார்கள். பிறகு ஆவணங்களைப் பார்த்துச் சமாதானம் உண்மைதான் என்று தெரிந்துகொண்ட வாரிங்டன், கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.